தோண்டியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்: சிங்கப்பூரின் நிலத்தடி இடங்களைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் பழைய கோட்டைகள், பதுங்கு அறைகள், சுரங்க வழிகள் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், அங்கே மக்களை அழைத்துப்போய்க் காட்டும் வழிகாட்டிகளுக்கும், நம் தமிழ் அமைப்புகளில் மரபு நடை ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் எம்ஆர்டி என்கிற சிங்கப்பூர் மெட்ரோ ரயிலின் சுரங்கங்களில் வேலை பார்க்கிறவன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து 2008-ல் வொர்க் பர்மிட்டில் வந்தேன். முதல் இரண்டு வருடம் ஷாஃப்டுக்குக் கீழே சேறு அள்ளினேன், அப்புறம் செக்மென்ட், அதாவது சுரங்கச் சுவராகும் கான்கிரீட் துண்டுகளைப் பொருத்துகிற கேங்கில் சேர்ந்தேன், டவுன்டவுன் பாதையில் எனக்கு வந்த பங்கு முழுக்க அந்த வேலைதான். பிறகு படித்துப் பரீட்சை எழுதி இப்போது சேஃப்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் நிலத்துக்கு அடியில் நான் கழித்த நேரம் கொஞ்சநஞ்சம் இல்லை, அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு இந்தத் தீவில் இருக்கும் பழைய நிலத்தடி இடங்களில் ஒன்றைப் பார்க்கப் போனேன். எந்த இடம் என்று எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வருவது ஓர் இடத்தைப் பற்றி அல்ல. அவர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு லீவு நாள். காலையில் துணி துவைத்து, சமையல் முடித்து, டாமிட்டரியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரும் நல்ல சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

வழிகாட்டி நன்றாகத்தான் பேசினார். ஆனால் முழுக்க ஆங்கிலம், அதுவும் வேகம். தளபதிகள் பெயர், தேதிகள், யார் எந்த அறையில் உட்கார்ந்தார், யார் யாரிடம் என்ன சொன்னார். நான் பக்கத்தில் நின்று மெதுவான குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில், மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது, பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நானும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் கூட்டத்தின் பின்னால் நடந்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. மூவரில் இளையவன், புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். என்னடா என்று பக்கத்தில் போனேன். "அண்ணே, பலகை அச்சு பாருங்க" என்றான். கான்கிரீட்டில் சென்ட்ரிங் பலகையின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. மரத்தின் கணுகூட வட்டமாகத் தெரிந்தது. இரண்டு பலகை சேர்ந்த இடத்தில் சிமெண்ட் பால் கசிந்து ஒரு மெல்லிய வரப்பு மாதிரி இறுகியிருந்தது. அவன் இங்கே வருவதற்கு முன்னால் ஊரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். விரல் நகத்தால் அந்த வரப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பலகையை நல்லா இறுக்கித்தான் அடிச்சிருக்கான், இங்க மட்டும் கொஞ்சம் விட்டுப்போச்சு" என்றான். அப்புறம் என் காதருகே வந்து கேட்டான்: "யாருண்ணே கட்டினது? நம்ம ஆளுங்களா?"

அந்த ஒரு மணி நேரச் சுற்றில் பல தளபதிகளின் பெயர் எங்கள் காதில் விழுந்தது, அவன் கேட்ட இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் விழவில்லை. இந்த மடலை எழுத உட்காரவைத்தது அதுதான்.

ஃபோர்ட் கேனிங் குன்றை எடுத்துக்கொள்வோம். நம்மில் எத்தனையோ பேர் வருடம் தவறாமல் அதன் அடிவாரத்துக்குப் போகிறோம், ஆனால் குன்றை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில் இருந்து காவடி தூக்கி வந்து இறக்குகிற டேங்க் ரோட்டு தெண்டாயுதபாணி கோயில் அந்தக் குன்றின் காலடியில்தான் இருக்கிறது. செட்டியார்கள் அந்தக் கோயிலை எழுப்பியது 1859-ல். அதே 1859-ல்தான் ஆங்கிலேயர்கள் குன்றின் உச்சியைச் சமப்படுத்திக் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள், 1861-ல் முடித்தார்கள். கோட்டைக்குப் பெயர் தந்த கேனிங் பிரபு இந்தியாவின் முதல் வைஸ்ராய். அன்றைக்கு இந்த ஊர் கல்கத்தாவில் இருந்து ஆளப்பட்டது, 1867 வரைக்கும். கீழே முருகனுக்கு வேல், மேலே வெள்ளைக்காரனுக்குப் பீரங்கி, இரண்டும் ஒரே வருடத்தில் தொடங்கியவை என்று நான் சொன்னபோது, இருபது வருடம் காவடி எடுத்த ஒரு பெரியவர் என்னை நம்பவே இல்லை.

அதற்கு முந்தையது இன்னும் பெரிய கதை. 14-ஆம் நூற்றாண்டில் இந்தக் குன்றின் மேல் ஓர் அரண்மனை இருந்தது, கீழே ஆற்றங்கரை வரைக்கும் ஊர் இருந்தது. மலாய்க்காரர்கள் இதை புக்கிட் லாராங்கான், அதாவது யாரும் ஏறக்கூடாத குன்று என்றார்கள். 1928-ல் உச்சியில் தண்ணீர்த் தேக்கம் கட்ட மண்ணைத் தோண்டிய தொழிலாளர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. மஜாபாகித் பேரரசுக் காலத்துச் சாவக (ஜாவா) வேலைப்பாடு, இன்றைக்கும் தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கலாம். நகையின் பெயர் தெரியும், அதில் இருக்கும் 'காலா' என்ற காவல் உருவத்தின் முகம் தெரியும். மண்வெட்டி பிடித்து அதை வெளியே எடுத்த கை யாருடையது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு 1984-ல் ஜான் மிக்சிக் முறையாக அகழாய்வு தொடங்கினார், சீனப் பீங்கான், கண்ணாடி, மண்பாண்ட ஓடுகள் என்று வெளியே வந்தன. சிங்கப்பூருக்கு 700 வருட வயது என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வதற்கு அந்தக் குழிகள் ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஒரே குன்றுக்குள் அடுக்கடுக்காக என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். அரண்மனைக் காலத்து மண். கோட்டைக் காலத்தில் எதிரி சூழ்ந்துகொண்டால் சத்தமில்லாமல் வெளியேற மண்மேட்டுக்குள் வைத்த ரகசிய வாசல்கள், அதில் ஒன்றை இப்போதும் பார்க்கலாம். உச்சியில் மூடிய நீர்த்தேக்கம். 1930-களின் பிற்பாதியில் நிலத்துக்கு 9 மீட்டர் கீழே ஆங்கிலேயப் படை கட்டிய பேட்டில்பாக்ஸ் என்ற போர்க் கட்டளை மையம், ஏறத்தாழ 30 அறைகள், தடித்த கான்கிரீட் சுவர். 2007-ல் திறந்த கார்ச் சுரங்கம். 2017-ல் திறந்த எம்ஆர்டி நிலையம், அதற்கான சுரங்கத்துக்காக சிங்கப்பூர் ஆற்றின் ஒரு பகுதியையே திருப்பிவிட்டார்கள். ஒரு பழைய நகரத்துக்குக் கீழே மறைந்திருப்பதைப் பார்க்க எங்கெங்கோ பயணம் போகிறோம். டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம்.

ஆனால் அங்கே இன்று நீளமான வரிசை நிற்பது எதற்கு? சுழல் படிக்கட்டு இருக்கும் சுரங்க நடைபாதையில், மேலே மரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்க. நானும் என் மனைவியும் நாற்பது நிமிடம் நின்று எடுத்தோம், அழகாகத்தான் வந்தது, அதில் தப்பில்லை. அந்த வரிசையில் நிற்கிற நாற்பது நிமிடத்தில் பக்கத்தில் ஒரு படம் இருந்தால், குன்றைக் கத்தியால் வெட்டிய மாதிரி, எந்த ஆழத்தில் என்ன, எந்த வருடம், எப்படித் தோண்டினார்கள் என்று நான்கு மொழியிலும் எழுதியிருந்தால், எத்தனை பேர் படிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் இந்தக் குன்றின் பெயர் வேறொரு விஷயத்துக்காகப் பிரபலம். ஃபோர்ட் கேனிங் போல்டர் பெட் என்று ஒரு மண் வகை உண்டு, குன்றில் தொடங்கி வங்கிக் கட்டடங்கள் நிற்கும் வட்டாரத்துக்கு அடியில் பரந்து கிடக்கிறது. கெட்டிக் களிமண், அதற்குள் மணற்கல் பாறாங்கற்கள் லட்டில் முந்திரி மாதிரி சிதறிக் கிடக்கும். டிபிஎம் என்று நாங்கள் சொல்லும் துளையிடும் இயந்திரம் களிமண்ணில் வழுக்கிக்கொண்டு போகும், திடீரென்று ஒரு பாறை முகத்தில் இடிக்கும். கேபினில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கண்ணால் ஒன்றும் தெரியாது. காதில்தான் தெரியும், இரும்பு வாளிக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம். முகப்பில் மண்ணை வெட்டும் கட்டர் சிதைந்துவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, ஆள் முன்பக்கம் போய் மாற்ற வேண்டும், மண் முகம் ஒரு கை தூரத்தில் நிற்கும். நான் வேலை செய்த இடத்தில் அப்படி முன்பக்கம் போய் வந்தவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள், மீதி வங்காளம், சீனம், தாய். வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் முகத்தில் கண் மட்டும்தான் தெரியும்.

இதைத்தான் சொல்லுங்கள் என்கிறேன். இதற்குப் பதிலாகப் பேயும் புதையலும் எதற்கு? பழைய சுரங்கம் என்றாலே இருட்டில் வெள்ளை உருவம் பார்த்த கதையும், ஜப்பான்காரன் ஒளித்துவைத்த தங்கமும்தான் பேச்சு. லாப்ரடோர் பூங்காவில் 2001-ல் ஆங்கிலேயர் காலத்துச் சுரங்கங்களைக் கண்டுபிடித்து 2005-ல் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். உடனே அங்கிருந்து கடலுக்கு அடியில் செந்தோசா தீவு வரைக்கும் வழி போகிறது என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகளுக்குக் கீழே இருந்த சுரங்கங்களை 1991-ல் திரும்பக் கண்டுபிடித்தபோதும் இதே மாதிரிதான். கேட்க சுவையாக இருக்கும், தெரியும். எனக்கும் அந்த வயது இருந்தது.

எங்கள் பாட்டி பெரிய கோயிலில் இருந்து அரண்மனைக்குச் சுரங்கம் போகிறது, ராணி பல்லக்கில் போவாள், குதிரையே போகலாம் என்று சொல்லும். தமிழ்நாட்டில் பழைய கோயில் இருக்கும் எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு சுரங்கம் உண்டு, உள்ளே போன ஆடு பக்கத்து ஊரில் வெளியே வந்தது, உள்ளே போன கல்யாண கோஷ்டி திரும்பவே இல்லை என்று. கம்பிக் கதவு போட்ட ஓர் இருட்டுப் படிக்கட்டில் முகத்தை ஒட்டிக்கொண்டு குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கிறதா என்று நின்றிருக்கிறேன். ஆனால் அதே தஞ்சாவூரில் சேவப்ப நாயக்கன் ஏரியில் இருந்து சிவகங்கைக் குளத்துக்கு மழைத் தண்ணீரை நிலத்துக்கு அடியிலேயே கொண்டுவந்த சுடுமண் குழாய் வழி ஒன்று உண்டு, ஜலசூத்திரம் என்பார்கள். ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த உண்மையான நிலத்தடி வழி அது. அதைப் பற்றி எந்தப் பாட்டியும் எனக்குச் சொல்லவில்லை. இங்கே சுரங்க வேலைக்கு வந்த பிறகுதான், ஊருக்குப் போன ஒரு லீவில், தெரிந்துகொண்டேன். நாயக்கர் காலத்தில் அந்தச் சரிவைக் கணக்குப் பண்ணிக் குழாய் பதித்தவன் என் தொழில்காரன். அன்றைக்கு ஏரிக்கரையில் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தைக் குதிரைக் கதை ஒருநாளும் கொடுத்ததில்லை.

நிலத்துக்கு அடியில் எதைக் கட்டினாலும் முதல் கேள்வி காற்று, இரண்டாவது தண்ணீர். எங்கள் சைட்டில் தினமும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்ததும் நான் செய்கிற முதல் வேலை கேஸ் மீட்டரைப் பார்ப்பது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒருவரும் இறங்கக்கூடாது. துருக்கியில் டெரின்குயு என்ற ஊருக்கு அடியில் ஒரு நகரமே இருக்கிறது, சுமார் 85 மீட்டர் ஆழத்துக்கு அடுக்கடுக்காக, எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து. 1963-ல் ஒருவர் தன் வீட்டுச் சுவரை இடித்தபோது பின்னால் ஓர் அறை தெரிந்து, அதில் இருந்து வெளிப்பட்டது. உள்ளே இருந்து உருட்டி அடைக்கும் வட்டக் கல் கதவுகளைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதில் மிகப் பெரிய விஷயம் 55 மீட்டர் இறங்கும் காற்றுக் குழி, அதுவே கிணறாகவும் பயன்பட்டது. ஊர்ப் பெயருக்கே ஆழக்கிணறு என்றுதான் அர்த்தம். பேட்டில்பாக்ஸை அந்தக் கண்ணோடு பார்த்தால், 1942-ல் ஜப்பானியர் தாக்கியபோது அதற்குள் இருந்தவர்கள் புழுக்கத்தைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியும் ஏன் அவ்வளவு சொன்னார்கள் என்பது ஒரு நிமிடத்தில் புரியும். குண்டு விழுகிறது, அறைக்கு அறை ஆள், ஓடிய காற்றே திரும்ப ஓடுகிறது. அன்றைக்கு இங்கே ஆங்கிலேயப் படைக்குத் தலைவராக இருந்த பெர்சிவல் யார் என்று எங்கள் பசங்களுக்குத் தெரியாது. அந்தப் புழுக்கம் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம்.

தண்ணீரும் அப்படியே. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாள், காலையில் அந்த நிலத்தடி அறையில் பெர்சிவல் தளபதிகளைக் கூட்டிச் சரணடைய முடிவெடுத்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ஊருக்குத் தண்ணீர் நின்றுபோகும் நிலைமை, குழாய்கள் உடைந்து ஓடின. முற்றுகையில் தண்ணீருக்காக ஒரு நகரம் என்ன செய்தது என்பதற்கு ஜெருசலேமில் ஒரு சாட்சி இருக்கிறது. விவிலியத்தில் வரும் எசேக்கியா அரசன் காலத்தது என்று சொல்லப்படும் சுரங்கம், கீகோன் ஊற்றில் இருந்து சீலோவாம் குளத்துக்கு, 533 மீட்டர், பாறையைக் கையால் வெட்டியது. இரண்டு கூட்டம் இரண்டு முனையில் இருந்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தது. 1880-ல் அந்தச் சுரங்கத்தில் தண்ணீரில் விளையாடிய ஒரு பையன் சுவரில் எழுத்தைப் பார்த்தான். கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? மிஞ்சியிருந்த பகுதியில் அரசன் பெயர் இல்லை. கடைசி மூன்று முழம் பாறை பாக்கி இருக்கும்போது, அந்தப் பக்கம் இருந்தவன் இந்தப் பக்கம் இருந்தவனைக் கூப்பிடுகிற குரல் கேட்டது என்று எழுதியிருக்கிறது. பிறகு வெட்டுகிறவர்கள் ஒருவரை நோக்கி ஒருவர், கோடரிக்கு எதிர்க் கோடரியாக வெட்டினார்கள், தண்ணீர் ஓடியது, தலைக்கு மேலே பாறை நூறு முழம் உயரம். அவ்வளவுதான். 2,700 வருடத்துக்கு முந்தைய ஒரு சைட் ரிப்போர்ட்.

இதை முதல் தடவை தெரிந்துகொண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். நாங்கள் பிரேக்த்ரூ என்று சொல்வது அதைத்தான். எனக்கு முதல் பிரேக்த்ரூ டவுன்டவுன் பாதையில். நிலையத்துக்குள் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அதிர்வு காலில் வந்தது, அப்புறம் தூசி உதிர்ந்தது, அப்புறம் தேங்காய் ஓடு விரிகிற மாதிரி வட்டமாக ஒரு விரிசல். கட்டர் ஹெட் மண்ணோடு வெளியே வந்ததும், பெரிய அதிகாரிகள் கைதட்டுவதற்கு முன்னாலேயே உள்ளே இருந்து எங்கள் ஆள் ஒருவர் "மாப்ள, வந்துட்டோம்டா!" என்று கத்தினார். இயந்திரத்துக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்த குரல். அந்தக் குரலைத்தான் அந்தக் கல்வெட்டு எழுதிவைத்திருக்கிறது. நம் ஊரில் அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த ஊரைக் கட்டிய கைகளில் நம்மவர்கள் கை முதலில் இருந்தே உண்டு. 1825-ல் சுமத்ராவில் இருக்கும் பென்கூலனில் இருந்து இந்தியக் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள், முதலில் வந்தவர்கள் மதராஸ் கைதிகள். புனித ஆண்ட்ரூ தேவாலயமும் இஸ்தானாவும் கைதிகளின் உழைப்பு. 1873-ல் அந்தக் கைதி முறை முடிந்தது. இன்றைக்குப் பென்கூலன் என்ற பெயரில் ஓர் எம்ஆர்டி நிலையம், தரைக்கு 43 மீட்டர் கீழே. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு கூட்டம் கண்ணில் தெரியும், சங்கிலியோடு வந்த கூட்டம், பாதுகாப்புக் கயிற்றோடு இறங்கிய கூட்டம். அப்புறம், சரணடைந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17, ஏறக்குறைய 40,000 இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி ஜப்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவம் உருவானதன் தொடக்கம் அந்தத் திடல். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காய்கறி வாங்கப் போகும் தேக்காவில் இருந்து ஒரே நிறுத்தம். நிலத்தடி அறையில் எடுத்த முடிவு மேலே யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தானே கதை முழுசாகும்?

சரி, என்ன கேட்கிறேன் என்று நேராகச் சொல்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலத்தடி இடங்களில் ஏதாவது ஒன்றில், தமிழில் ஒரு சுற்று வையுங்கள். ஞாயிறு என்பதை அழுத்திச் சொல்கிறேன், சனிக்கிழமை எங்கள் பசங்களுக்கு வேலை, பலருக்கு ஓவர்டைம் வேறு இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் வைத்தால் டாமிட்டரியில் இருந்து வந்து சேர முடியும். ஐந்து மணிக்கு முன்னால் முடிந்தால் திரும்பிப் போய்ச் சமைத்து, மறுநாள் லாரிக்கு எழுந்திருக்க முடியும். இருபது பேர் வந்தாலே போதும், வருவார்கள், நான் கூட்டிவருகிறேன்.

அந்தச் சுற்றில் எப்படிக் கட்டினார்கள் என்பதைச் சொல்லுங்கள். மண்ணை எங்கே கொட்டினார்கள், தண்ணீர் கசிந்தால் என்ன செய்தார்கள், கான்கிரீட்டை எப்படி இறக்கினார்கள், காற்று எந்த வழியாக வந்தது. பழைய பொதுப்பணி ஏடுகளில் கூலிக் கணக்கு, ஒப்பந்தக்காரர் கணக்கு இருக்கும் இல்லையா, அதைத் தேடி எடுத்து ஒரு பலகையில் போடுங்கள். பலகை அச்சு இருக்கும் சுவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் முக்கியம். இங்கே வாய்மொழி வரலாற்றுப் பதிவு 1979-ல் இருந்து நடக்கிறது, தமிழிலும் பதிந்திருக்கிறார்கள், பெரிய வேலை அது. அதில் சுரங்கத் தொழிலாளர்களைச் சேருங்கள், இப்போதே. எங்கள் ஆட்கள் இங்கே நிரந்தரமாக இருப்பவர்கள் இல்லை. பத்து வருடம், பதினைந்து வருடம், பர்மிட் முடிந்தால் அடுத்த விமானத்தில் திருச்சி. 48 கிலோமீட்டர் ஆழக் கழிவுநீர்ச் சுரங்கத்தில் முதல் கட்டத்தில் வேலை பார்த்தவர்களும், ஜூரோங்கில் தரைக்கு 150 மீட்டர் கீழே எண்ணெய் சேமிக்கும் பாறைக் குகையில் இறங்கியவர்களும் இன்று ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார்கள், வயல் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பட்டுக்கோட்டையில் டீக்கடை போட்டிருக்கிறார். 2004 ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நான்கு பேர் போன அன்று தான் எந்த ஷிஃப்டில் எங்கே இருந்தார் என்பதை நிமிடம் நிமிடமாகச் சொல்வார். அந்த நால்வரில் ஒருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பாதுகாப்பு வகுப்பில் நான் அந்த விபத்தைப் படித்திருக்கிறேன், கம்பிகள் ஏன் வளைந்தன, தாங்கு சட்டங்கள் எப்படிப் பெயர்ந்தன என்று எல்லாம் தெரியும். அவர் சொன்னபோதுதான் அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று தெரிந்தது. அவர் குரலைப் பதிய ஒரு போன் போதும்.

நம் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டிமன்றம் வைக்கிறீர்கள், நூல் வெளியீடு நடத்துகிறீர்கள், பொங்கலுக்கு டாமிட்டரிக்கே வந்து எங்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுகிறீர்கள், நன்றி மறக்க மாட்டோம். அடுத்த முறை சாப்பாட்டோடு ஒரு நடைக்கும் கூப்பிடுங்கள். பார்வையாளராக மட்டும் கூப்பிடாமல் பேசவும் விடுங்கள். சோழர் கடல் கடந்த கதையைச் சொல்ல உங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். போல்டர் பெட்டில் கட்டர் மாற்றுவது எப்படி என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடம் ஆள் இருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நான்கு பேர் அந்தப் பேச்சைத் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டு போனாலும், தமிழில் பேச என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பது கொஞ்சம் குறையும்.

வழிகாட்டிகளுக்குத் தமிழ் வார்த்தை வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். சைட்டில் நாங்கள் பேசுகிற சொற்கள், ஊரில் கொத்தனாரும் கிணறு வெட்டுகிறவரும் பேசுகிற சொற்கள், இரண்டும் சேர்த்து. கிணறு வெட்டுகிறவர்கள் பக்கமண் சரிவதற்கும், ஊற்றுக் கண் திறப்பதற்கும், அடிப்பாறை தட்டுவதற்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருந்து தேடித் தேடி மொழிபெயர்க்கவே வேண்டாம்.

பணம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. ஆறு பேர் இப்போதே தயாராக இருக்கிறோம், டிபிஎம் ஆபரேட்டர் ஒருவர், செக்மென்ட் கேங்கில் மூன்று பேர், சுரங்கத்துக்குள் லோகோ (சரக்கு ரயில்) ஓட்டுகிற ஒருவர், நான். சுவரில் பலகை அச்சைக் காட்டிய தம்பி ஏழாவது ஆளாக வருவான். இப்போது அக்கா கல்யாணத்துக்கு லீவில் ஊருக்குப் போயிருக்கிறான், போகும்போது விமான நிலையத்தில் இருந்தே போன் பண்ணி, "யார் கட்டினதுன்னு கேட்டுட்டீங்களாண்ணே?" என்றான். எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாவது வாரம் திரும்பி வருவான். அதற்குப் பிறகு வரும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்குச் சரி.

இப்படிக்கு,
எம்ஆர்டி சுரங்கப் பணியில் இருக்கும் ஒரு சேஃப்டி சூப்பர்வைசர்,
சிங்கப்பூர்